பெயரைப் பார்க்கும் இயந்திரம்



1960-களின் இறுதியில் இந்த மும்பையில் தமிழ்ப் பெயரைக் கேட்டதுமே வேலைக் கதவைச் சாத்தியதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. இன்று நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவு தரம் பிரிக்கிறது. இயந்திரத்துக்கு ஏது சாதி, மொழி என்கிறார்கள்!

2024-ல் புளூம்பெர்க் செய்தி நிறுவனம் சோதித்துப் பார்த்தது. சமமான தகுதி, பெயர்கள் மட்டும் வேறு. சாட்ஜிபிடியை இயக்கிய மாதிரியிடம் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். நிதி ஆய்வாளர் வேலைக்குக் கறுப்பின அமெரிக்கரின் பெயர் தாங்கிய விண்ணப்பங்களே மிகக் குறைவாக முதலிடம் பெற்றன. அப்படிச் செய் என்று யாரும் கட்டளையிடவில்லை. மனிதர் எழுதிக் குவித்ததைப் படித்து வளர்ந்த இயந்திரம் அது.

நமக்கோ குடும்பப் பெயரே இல்லை. அந்தக் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறோம்.

இயந்திரமே கூடாது என்று நாம் சொல்லவில்லை. விளம்பரம் எழுதட்டும், நேர்முகத் தேர்வுக்குக் கேள்வி தயாரிக்கட்டும். ஆனால் பெயரையும் ஊரையும் மறைத்துக் கொடுங்கள். ஒருவரைத் தள்ளுவதென்றால் மனிதர் படித்துத் தள்ளட்டும்; காரணத்தை எழுத்தில் தரட்டும். நியூயார்க் நகரில் 2023 முதல் இத்தகைய கருவிகளுக்கு ஆண்டுதோறும் பாரபட்சத் தணிக்கை கட்டாயம். அப்படியொரு சட்டத்தை இங்கேயும் கேட்போம்.

செல்பேசியில் வரும் மறுப்புச் செய்திகளை அழித்துவிடாதீர்கள். சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். மனு எழுத அவை வேண்டும்.