ரிசல்ட் வரும் வரைக்கும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியது)

இன்னைக்கு கடன் தவணை, வங்கி இணைப்பு பற்றி நாங்க பேசப் போறதில்லை. மார்புக் கட்டியைப் பற்றிப் பேசப் போறோம். பின்னாடி ரெண்டு பேர் முந்தானையை இழுத்து விட்டுக்கறது தெரியுது. பரவாயில்லை, இங்கே இருக்கறது எல்லாம் பெண்கள்தான்.

கட்டி என்று போனால் டாக்டர் கையால் பார்ப்பார், ஸ்கேன் எடுக்கச் சொல்வார். அப்பவும் சந்தேகம் தீரலைன்னா பயாப்சி என்று எழுதுவார். நாம சதை டெஸ்ட்னு சொல்றோமே, அதுதான். மரத்துப் போக ஊசி போட்டுட்டு, வேறொரு ஊசியால் நூல் துண்டு மாதிரி கொஞ்சம் சதை எடுப்பாங்க. பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். "பயாப்சி எழுதிட்டாங்களா, அப்போ கேன்சர்தான்" என்று ஊரில் பேசுவது தவறு. மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை. நீர்க்கட்டியா இருக்கலாம், இளவயதுப் பெண்களுக்கு வருகிற நார்க்கட்டியா இருக்கலாம். ஊசி குத்தினால் நோய் பரவிடும் என்ற பேச்சையும் நம்பாதீங்க.

கஷ்டம் எங்கேன்னா, அதுக்கப்புறம் காத்திருக்கிற நாட்கள்தான். பகல்ல களையெடுப்பு, மாடு, சமையல் என்று ஓடிடுது. ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு கை தானா அந்த இடத்துக்குப் போகுது. பொண்ணு கல்யாணம், குழுக்கடன் பாக்கி, நமக்கு ஏதாவது ஆச்சுன்னா சின்னவனுக்கு யாரு சோறு போடுவா என்று மனசு எங்கெங்கேயோ போகும். அந்த நேரத்தில் "பயப்படாதே" என்று சொல்வதால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பயம் வரத்தான் செய்யும்.

ஏன் இத்தனை நாள் ஆகுதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் தைரியம் வரும். எடுத்த சதையை மருந்துத் தண்ணியில் பதப்படுத்தி, மெழுகில் புதைத்து, தலைமுடியை விட மெல்லிசா சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கணும். சில நேரம் சாயத்தை மாற்றி மறுபடியும் பார்ப்பாங்க. எடுத்த சதை போதலைன்னா திரும்பக் கூப்பிடவும் செய்வாங்க. லேட்டானா கெட்ட சேதிதான்னு நினைச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போதே எந்தத் தேதி, எந்த ரூம், யாரைப் பார்க்கணும் என்று கேட்டு ஓ.பி. சீட்டு பின்னாடியே எழுதி வாங்கிக்குங்க. தேதி தெரியாமல் காத்திருப்பதுதான் பெரிய வேதனை. ஊசி போட்ட இடம் கன்னிப் போய் வலிப்பது சகஜம். வீக்கம் கூடினாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போகணும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை மட்டும் கவலையில் மறந்துடாதீங்க.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லப் பயமா இருந்தால் அக்காகிட்டயோ, நாத்தனார்கிட்டயோ, குழுவில் ஒருத்தர்கிட்டயோ சொல்லுங்க. ஊர் முழுக்கச் சொல்ல வேண்டாம், ஒரே ஒருத்தர் போதும். கவலைப்பட சாயங்காலம் அரை மணி நேரம் ஒதுக்கி, திண்ணையில் உட்கார்ந்து அவர்கிட்ட எல்லாத்தையும் கொட்டிடுங்க. ராத்திரி திரும்ப வந்தால் "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொல்லி, மூச்சை மெதுவா இழுத்து, அதைவிட மெதுவா விடுங்க. முதல் நாள் கேலியா இருக்கும், போகப் போகப் பழகிடும். தாங்க முடியலைன்னா 14416 என்ற எண்ணுக்குப் போன் பண்ணலாம். டெலி மானஸ் என்ற அரசு சேவை இது, 2022-ல் ஆரம்பித்தது. காசு கிடையாது, ராத்திரியிலும் தமிழில் பேசுவாங்க.

கேட்கிற பக்கம் இருப்பவர்களுக்கும் ஒன்று. "என் சித்திக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்ற கதையைத் தயவுசெய்து ஆரம்பிக்காதீங்க. ஒரு வேளைச் சோறாக்கிக் கொடுங்க, மாட்டைப் பிடிச்சுக் கட்டுங்க.

நாங்க அதிகம் பயப்படுவது ரிசல்ட் வாங்கவே போகாதவர்களை நினைத்துத்தான். நம்ம பகுதியில் ஒரு சகோதரி, கேட்டால்தானே தெரியும் என்று நாலு மாசம் போகவே இல்லை. கடைசியில் குழுவில் ரெண்டு பேர் பஸ் ஏற்றிக் கூட்டிப் போனாங்க. சாதாரண நார்க்கட்டி. நாலு மாசத் தூக்கம் வீணாப் போச்சு. அதுவே புற்றுநோயா இருந்திருந்தால் அந்த நாலு மாசம் பெரிய நஷ்டம். ஆரம்பத்தில் வந்தால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்குச் சிகிச்சை உண்டு. அட்டை இல்லாதவர்கள் இப்பவே எடுத்து வையுங்க.

வர்ற வியாழக்கிழமை ஒரு உறுப்பினர் ரிசல்ட் வாங்கப் போறாங்க. பெயர் வேண்டாம். அவங்க குழுவில் மூணு பேர் கூடப் போறதால், அன்னைக்கு இருந்த குழுக்கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருக்கோம். சேமிப்புப் பணத்தை அன்னைக்குக் கொண்டு வந்தால் போதும்.