அடைக்கலம் எத்தனை நாள்?

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய அருளுரை)



ஏரோதின் வாளுக்குத் தப்பி, பாலகன் இயேசுவைத் தூக்கிக்கொண்டு யோசேப்பும் மரியாளும் இரவோடு இரவாக எகிப்துக்குப் போனார்கள். ஏரோது இறந்தபின் திரும்பினார்கள். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் படகேறி இராமேஸ்வரம் கரைக்கு வந்தார்கள். 1990இல் போர் மறுபடியும் மூண்டபோது இன்னும் அநேகர் வந்தார்கள். மண்டபத்திலும் பிற இடங்களிலும் முகாம்கள் அமைந்தன; அரசு அரிசியும் உதவித்தொகையும் கொடுத்தது. தற்காலிகம் என்றே எல்லாரும் நினைத்தோம். 2009இல் போர் முடிந்தது. ஆயினும் பல்லாயிரம் பேர் இன்னும் முகாம்களில் இருக்கிறார்கள்.

அண்மையில் எங்கள் பிரசவ வார்டில் ஒரு தாயைச் சந்தித்தோம். அவளும் கணவரும் முகாமில் பிறந்தவர்கள், இலங்கையைக் கண்டதேயில்லை. 1987 ஜூலை முதல் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை இல்லை. "ஐயா, என் பிள்ளைக்குச் சொந்த ஊர் எதுன்னு சொல்றது?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. குழந்தையைக் கையில் வாங்கி ஜெபித்தோம்.

உங்கள் காணிக்கையால் அவளிடம் கட்டணம் வாங்கவில்லை. நன்றி. ஆனால் அது போதாது. ஓடிவந்தவருக்குக் கூரை தருவது இரக்கம். நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னும் விருந்தாளியாகவே வைத்திருப்பது நியாயமல்ல. திரும்ப விரும்புகிறவர்கள் பத்திரமாகத் திரும்பவும், இங்கே வேரூன்றியவர்கள் உரிமையோடு வாழவும் ஜெபியுங்கள். உங்கள் சபைகளிலும் பேசுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.