வீட்டிற்கேற்ற மின்கலக் கருவிகள்

புதிய ஊரில் குடியேறிய முதல் வாரத்தில் நமக்குத் தேவைப்படுவது என்ன? பாலும் காய்கறியும் எங்கும் கிடைத்துவிடும். கிடைக்காதது சுவரில் ஒரு துளை. ஊரிலிருந்து பத்திரமாகக் கொண்டுவந்த சுவாமி படத்திற்கு ஒரு துளை. சன்னல் திரைக்கு நான்கு துளைகள். சமையலறைப் பலகைத் தட்டுகளுக்கு ஆறு துளைகள். சொந்த ஊராயின் அடுத்த தெருத் தச்சருக்கு ஆள் அனுப்பிவிடுவோம். தில்லியிலோ போபாலிலோ ஒரு குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு, யாரை அழைப்பது, அவரிடம் எந்த மொழியில் விளக்குவது என்று திகைக்கிறோம். படம் ஆறு மாதம் பெட்டியிலேயே கிடக்கிறது. இக்குறையைப் போக்கிக்கொள்ளவே, மின்வடமின்றிப் பாட்டரியால் இயங்கும் கைக்கருவிகளை நம்மவர் பலர் இப்போது வாங்குகின்றனர். அவற்றுள் எவை பணத்திற்குத் தகும், எவை தகா என்பதே இன்றைய பேச்சு.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இக்கருவிகளுக்குப் பெயரிடுவதே முதற் சிக்கலாயிற்று. 'கம்பியில்லாக் கருவி' என்றால், வானொலி நேயர்களாகிய நீங்கள் கம்பியில்லாத் தந்தியை நினைத்துக்கொள்வீர்கள். ஆகவே 'மின்கலக் கருவி' என்றே சொல்லுவோம். பொருளை நோக்கினாலும் அதுவே சரியான பெயர். ஏனெனில் இக்கருவியின் உயிர்நிலை மின்கலமேயாகும்.

இதை நாம் பணம் கொடுத்தே கற்றுக்கொண்டோம். சில ஆண்டுகளுக்கு முன்பு, பளபளப்பான பெட்டியொன்றில் துளைக்கும் கருவியும், அதனுடன் நாற்பதுக்கு மேற்பட்ட துணைச் சாமான்களும் மலிவாக வந்தன. மகிழ்ந்து வாங்கினோம். படம் ஏறியது, திரை தொங்கியது. இரண்டாம் ஆண்டு மழைக்காலத்தில் பாட்டரி மின்னேற்றத்தைத் தாங்கவில்லை. கடைக்காரரிடம் சென்றோம். அந்தப் பாட்டரி இப்போது வருவதில்லை என்றார். வேறு கம்பெனியின் பாட்டரியோ அதில் பொருந்தாது. மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் கருவி பரண்மேல் ஏறிவிட்டது. அதில் வந்த நாற்பது சாமான்களில் நாம் எடுத்து உபயோகித்தவை ஐந்தே ஐந்து!

இத்தகைய துளைக்கும் கருவி புதியதன்று. 1961-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனியார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பாட்டரி. 1991-இல் லித்தியம் அயனிப் பாட்டரி கடைக்கு வந்தபின் நிலைமை படிப்படியாக மாறியது. எடை குறைந்தது, சக்தி மிகுந்தது. அப்பாட்டரியை உருவாக்கிய ஆராய்ச்சிக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கு 2019-இல் இரசாயனத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. ஆனால் பரிசு பெற்ற பாட்டரிக்கும் ஒரு குறையுண்டு. உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் அதற்கு வயது ஏறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே, ஆண்டிற்கு இரண்டு முறை மட்டும் துளையிடுபவர் மின்கலக் கருவி வாங்கவே வேண்டாம் என்போம். மின்வடம் உள்ள சாதாரணக் கருவியே அவருக்குப் போதும். விலையும் குறைவு, பத்தாண்டு பரணில் கிடந்தாலும் எடுத்தவுடன் சுற்றும். மாதம் ஓரிருமுறையாவது வேலை உள்ளவர், மின்செருகி இல்லாத மொட்டைமாடியிலும் தோட்டத்திலும் வேலை செய்பவர், மின்வெட்டு அடிக்கடி நேரும் ஊரில் வாழ்பவர் ஆகியோர்க்கே மின்கலக் கருவி உகந்தது.

வாங்குவதென்று முடிவு செய்தவர் முதலில் கருவியைப் பாராமல் பாட்டரியைப் பார்க்கவேண்டும். எந்தக் கம்பெனியின் சரக்கு உயர்ந்தது என்று கூறுவது நம் நோக்கமன்று. நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. இதே பாட்டரியில் வேறு எத்தனை கருவிகள் இயங்கும்? பாட்டரி மட்டும் தனியே விற்பனைக்கு உண்டா? பழுதுபார்க்கும் நிலையம் இந்த ஊரிலும், மாற்றலாகிச் செல்லக்கூடிய ஊர்களிலும் உண்டா? மூன்றிற்கும் தெளிவான விடை கிடைத்தால் வாங்கலாம். பாட்டரியும் மின்னேற்றியும் சேர்ந்து கருவியின் விலைக்குச் சமமாக நிற்பதும் உண்டு. ஆதலால் இரண்டாவது கருவியைப் பாட்டரி இல்லாமல் வெறுங்கருவியாக வாங்கினால் மிச்சம் பெரிது.

அடுத்து, பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்றும், மற்றொன்றில் 20 வோல்ட் என்றும் இருக்கும். பின்னது வலிமை மிக்கது என்று மயங்கவேண்டாம். இரண்டிலும் ஐந்து கலங்களே தொடராக இணைந்துள்ளன. ஒவ்வொரு கலமும் சராசரியாக 3.6 வோல்ட் தருவதால் 18. முழுதும் ஏற்றிய நிலையில் சுமார் 4 வோல்ட் தருவதால் 20. அவ்வளவே வேறுபாடு. மேசை நாற்காலிகளுக்குத் திருகாணி முடுக்குவோர்க்கு 12 வோல்ட் போதும், கை வலிக்காது. சுவரில் துளையிடுவோர்க்கு 18 வோல்ட் வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் 36 வாட்-மணிச் சக்தி அடங்கியுள்ளது. வீட்டு வேலைக்கு அது தாராளம். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் விலை கூடியது. ஆயினும் சூடு குறைவு, ஆயுள் அதிகம். அடிக்கடி உபயோகிப்பவர் அதை வாங்கலாம்.

வாங்கத் தகுந்த முதற் கருவி, துளையும் இட்டுத் திருகாணியும் முடுக்கும் ஒரே கருவிதான். தட்டிக்கொண்டே துளைக்கும் அமைப்பும் அதில் இருக்கவேண்டும். கடைக்காரர்கள் அதை 'ஹாமர்' என்பர். செங்கற் சுவருக்கு அது போதும். சுவர் முழுதும் கான்கிரீட்டாக வார்த்த அடுக்குமாடிகளுக்கு அது போதாது. அங்கே அழுத்த அழுத்தக் கருவி சூடேறுமேயன்றித் துளை இறங்காது. அவ்வேலைக்கு வேறு வகைக் கனமான கருவியுண்டு. அதை வாடகைக்கு எடுப்பதோ, மின்பணியாளரை அழைப்பதோ நலம். குளியலறை ஓட்டுக்கல்லில் துளையிடும்போது ஹாமரை நிறுத்திவிட்டு மெதுவாகத் துளைக்கவேண்டும். இல்லையேல் கல் விரிசல் காணும். மின்விசைப் பலகைக்கு நேர் மேலும் நேர் கீழும் ஒருபோதும் துளையிடலாகாது. மின்கம்பி பெரும்பாலும் அவ்வழியே செல்லும்.

இனித் தோட்டம். மாடிமுகப்பில் பத்துத் தொட்டிகள் வைத்திருப்பவர்க்குக் கையால் வெட்டும் கத்தரியே உற்ற கருவி. தரைத்தளத்தில் புல்வெளியும் வேலிச்செடியும் உள்ளவர்க்கு, புல்லும் செடியும் வெட்டும் மின்கலக் கருவி உண்மையிலேயே பயன்படும். ஈரப்புல்லில் மின்வடத்தை இழுத்துச் செல்லும் அபாயம் அதில் இல்லை. சருகுகளை ஊதித் தள்ளும் கருவி வேண்டா. புழுதி மிகுந்த வடநாட்டு வேனிலில் அது நம் வீட்டுத் தூசியை அடுத்த வீட்டிற்கு அனுப்பும். விளக்குமாறே மேல். ஒரு கையால் பிடிக்கும் சிறிய சங்கிலி ரம்பம் மலிவாகக் கிடைக்கிறது, அதையும் தவிர்ப்பீர்களாக. தொடையிலும் மணிக்கட்டிலும் அது விளைக்கும் காயம் சிறிதன்று. மேலும், தில்லியில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதியின்றி மரத்தை வெட்டுதல் குற்றமாகும்.

எந்தக் கருவியாயினும் அலகை மாற்றுமுன் பாட்டரியைக் கழற்றிவிட வேண்டும். கண்ணாடி அணியவேண்டும். சுழலும் கருவிக்குக் கையுறை ஆகாது. முன்றானையையும் தொங்கும் சங்கிலியையும் செருகிக்கொள்ள வேண்டும். கோடையில் பாட்டரியை மொட்டைமாடியிலோ மூடிய காரிலோ வைத்தல் கூடாது. வேலை முடிந்து சூடு ஆறியபின் மின்னேற்றுக. நெடுநாள் ஊருக்குச் செல்வோர் பாதியளவு ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்துச் செல்க. ஆயுள் முடிந்த பாட்டரியைக் குப்பையில் எறிதல் தகாது. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் 2022-ஆம் ஆண்டு விதிகள் சுமத்தியுள்ளன.

மாற்றலாகி விமானத்தில் செல்வோர், கருவியைச் சரக்குப் பெட்டியிலும், கழற்றிய பாட்டரியை முனைகளில் நாடா ஒட்டிக் கைப்பையிலும் கொண்டுசெல்ல வேண்டும். 100 வாட்-மணிக்கு மேற்பட்டால் விமானக் கம்பெனியின் அனுமதி தேவை. முன்சொன்ன பெருக்கல் இங்கும் உதவும்.

முடிவாக ஒன்று. பரண்மேல் ஏறிய அந்தக் கருவியால் நமக்கு விளைந்த நன்மையும் உண்டு. அடுத்த முறை வாங்குமுன், எங்கள் மாடிப்படியைச் சேர்ந்த நான்கு குடும்பத்தாரும் கூடிப் பேசினோம். எல்லோரும் ஒரே வகைப் பாட்டரிக் கருவிகளையே வாங்குவது என்று முடிவாயிற்று. இன்று துளைக்கும் கருவி நம் வீட்டில்; செடி வெட்டும் கருவி கீழ்வீட்டு வங்காளியர் வீட்டில்; மரம் அறுக்கும் சிறிய ரம்பம் எதிர்வீட்டுப் பஞ்சாபியர் வீட்டில்; உபரிப் பாட்டரி நான்காம் வீட்டில். ஒரு பாட்டரி சோர்ந்தால் இன்னொன்று படியேறி வருகிறது. அதைக் கேட்கப் போகும் சாக்கில் அரைகுறை இந்தியும் சற்றே தேறிவிட்டது. சென்ற மாதம் புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் எங்கள் குடியிருப்புக்கு வந்தது. அவர்கள் வீட்டுச் சுவாமி படம் முதல் நாள் மாலையிலேயே சுவரில் ஏறிவிட்டது.