ரயில் ஏற்றாத மனிதர்



பென்னாகரம் பக்கம் பாப்பாரப்பட்டி என்றாலே விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா நினைவுக்கு வருவார். 1925 ஜூலை 23-ஆம் தேதி அவர் கண்மூடியது அங்கேதான். 1908-ல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போனவர், 1912-ல் தொழுநோயோடு வெளியே வந்தார். அந்த நோயைச் சொல்லியே, ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கில அரசு அவருக்குத் தடை போட்டது. மனிதர் விடவில்லை. நடந்தார், கட்டைவண்டி ஏறினார். சாதி பார்க்காமல் எல்லாரும் வந்து கும்பிட பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்தார். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து பாப்பாரப்பட்டியில் அடிக்கல்லும் நாட்டினார்.

அந்தக் காலத்தில் தொழுநோயாளியைப் பார்த்தால் பக்திமான் "முன்வினை" என்பார். படித்தவர் "ஒட்டுவாரொட்டி, கிட்டே போகாதே" என்பார். இரண்டு பேருக்கும் துளிச் சந்தேகம் கிடையாது. படித்தவருக்குக் கூடுதல் தெம்பு: நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-லேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டாரே!

சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். 1890-ல் இந்தியாவுக்கு ஒரு தொழுநோய் ஆணையம் வந்தது. பல ஊர்களில் நோயாளிகளை நேரில் பார்த்தது. இது பரம்பரை நோயல்ல, தொற்றும் தன்மையும் மிகக் குறைவு, எல்லாரையும் கட்டாயமாக ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்று எழுதிக் கொடுத்தது. கேட்டார்களா? 1897-ல் பெர்லினில் கூடிய மருத்துவர் மாநாடு ஒதுக்கத்தான் வேண்டும் என்றது. மறு வருஷமே இங்கே, பிச்சையெடுக்கும் நோயாளிகளைப் பிடித்து அடைக்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் முறையாக நீங்கியது 2016-ல். நூற்றுப் பதினெட்டு வருஷம்!

நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு என்கிறது இன்றைய மருத்துவம். ஆறு மாதமோ ஒரு வருஷமோ கூட்டு மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும்.

நோயாளிகளை ஒதுக்கிய விஷயத்தில் மதத்தை மட்டும் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. சிவாவும் பக்தர்தான். சங்கரர், ராமானுஜர் வரலாறுகளை எழுதியவர். "முன்வினை" என்று ஒதுங்கி மூலையில் உட்கார்ந்துவிட்டாரா என்ன?

கிருமியைக் கண்டு 150 வருஷம் தாண்டிவிட்டது. ஆய்வுக்கூடத் தட்டில் அதை வளர்க்க இன்றைக்கும் ஒருவராலும் முடியவில்லை. சுண்டெலியின் பாதத்தில் வளர்க்கிறார்கள், அர்மடில்லோ என்ற அமெரிக்கப் பிராணியின் உடம்பில் வளர்க்கிறார்கள். நோய் எப்படிப் பரவுகிறது? நெடுநாள் நெருங்கிப் பழகும்போது மூக்கு, வாய் வழியாக வரும் நீர்த்துளிகளால் பரவுவதாக 'கருதப்படுகிறது' என்கிறார்கள். கருதப்படுகிறது! அந்தச் சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிவாவின் கட்டைவண்டிதான் ஞாபகம் வந்தது.