வாக்கர் என்னும் பெயரின் வரலாறு

பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நம்மில் பலர், விண்ணப்பத் தாளில் 'குடும்பப் பெயர்' என்னும் கட்டத்திற்கு வரும்போது எழுதுகோலை நிறுத்தி யோசிக்கிறோம். தந்தை பெயரை எழுதுவதா, ஊர்ப் பெயரை எழுதுவதா என்னும் ஐயம் நமக்கு. ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னரே அவ்வழக்கம் நிலவுடைமையாளரிடையே மெல்ல வேரூன்றியது. 1400-ஐ ஒட்டிய காலத்தில்தான் பெரும்பாலான குடிமக்களிடமும் பரவிற்று. அவ்வாறு நிலைத்த பெயர்களுள் 'வாக்கர்' என்பதை இன்று எடுத்துக்கொள்வோம்.

'வாக்' என்றால் நடத்தல் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆதலால் வாக்கர் என்பார், கால்நடையாகத் திரிந்த ஒருவரின் வழிவந்தவர் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் மூலத்திற்குப் புரட்டுதல், உருட்டுதல் என்பனவே பொருள். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி நெகிழ்ந்தும் எண்ணெய்ப் பசையுடனும் இருக்கும். அதனைத் தொட்டியிலிட்டு, நீரும் நாட்பட்ட சிறுநீரும் ஊற்றி, பசையை உறிஞ்சும் ஒருவகைக் களிமண்ணையும் சேர்த்து, மணிக்கணக்கில் காலால் மிதிப்பர். துணி சுருங்கி, இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகும். வட இந்தியக் கடைகளில் முல்தானி மட்டி என்று விற்கப்படுவது அக்களிமண்ணின் இனமே. இன்று முகத்திற்குப் பூசப்படும் அம்மண் அன்று எத்தகைய தொட்டியில் கலந்தது என்பதை எண்ணாதிருப்பதே நலம்!

இவ்வாறு துணி மிதித்த தொழிலாளிக்கு இங்கிலாந்து முழுவதிலும் ஒரே பெயர் இருக்கவில்லை. வடக்கிலும் நடுப்பகுதியிலும் வாக்கர், தென்கிழக்கில், இலத்தீன் மூலத்தினின்று வந்த ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர். டக்கர் என்பதன் மூலத்திற்குத் துன்புறுத்துதல் என்று பொருள். துணி பட்ட பாட்டை நோக்கின் பொருத்தமான பெயரே. டெவன் வட்டாரத்து எக்ஸிட்டர் நகரில் நெசவாளரும் இத்தொழிலாளரும் 1471-இல் எழுப்பிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது.

12-ஆம் நூற்றாண்டிலேயே மனிதக் காலின் வேலையை நீராலையின் மரச்சம்மட்டிகள் ஏற்கத் தொடங்கின. டெம்ப்ளர் என்னும் சமய வீரர் சங்கத்தின் 1185-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் அத்தகைய ஆலைகள் குறிக்கப்பட்டுள்ளன. எனினும் வடக்கே அவ்வாலையும் 'வாக் மில்' என்றே வழங்கிற்று. யாரும் மிதிக்காத ஆலைக்கு மிதிப்பின் பெயர்!

பெயரை நிலைநிறுத்தியதில் எழுத்தருக்குப் பெரும்பங்கு உண்டு என்பது நம் துணிபு. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி விதிக்கப்பட்டபோது ஆள்களைப் பெயர் பெயராக எழுத வேண்டியதாயிற்று. 1538-இல், ஒவ்வொரு கோயிற்பற்றும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டுமென ஆணை பிறந்தது. ஏட்டில் ஏறிய பெயர் பேரனையும் பற்றிக்கொண்டது; அப்பேரன் தச்சனாயினும் வாக்கரே.

வாக்கர் யாவரும் துணி மிதித்தவர் மரபினர் என்று துணிந்து கூறவும் இயலாது. நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஓர் இடம் உண்டு. ரோமானியர் எழுப்பிய ஹேட்ரியன் மதிலை அடுத்த சதுப்பு நிலம் என்பது அதன் பொருள். அங்கிருந்து பெயர்ந்த சிலர் ஊர்ப்பெயரையே உடன் கொண்டுசென்றிருக்கலாம். ஆயினும், 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் டக்கர்கள் டெவனிலும், வாக்கர்கள் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளிலும் மிகுந்து காணப்படுகின்றனர். நீராவி ஆலைகளும் புகைவண்டியும் மக்களை நாடெங்கும் கலைத்த பின்னும் நிலை அதுதான். லண்டனில் குடியேறிய ஒரு டக்கரின் முன்னோர் எத்திசையினின்று வந்தனர் என்பதை, அவர் வாய் திறவாமலே, அப்பெயர் ஓரளவு சொல்லிவிடும்.