அவர் விட்டுட்டுப் போன இரும்புப் பெட்டி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சு)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. சங்கத்தில் கடன் தவணை பாக்கி வச்சவங்ககிட்டத்தான் சத்தமாப் பேசுவேன். தலைவி அக்காதான், "உங்க வீட்டுக்காரர் நாட்டுக்காக 24 வருஷம் இருந்தவர், அவரைப் பத்தி நாலு வார்த்தை பேசு" என்று சொன்னாங்க. அதனால் வந்தேன். நடுவில் அழுதா கோவிச்சுக்காதீங்க.

எங்க வீட்டுக்காரர் எனக்குச் சொந்த அத்தை மகன். கடைசி வரைக்கும் மச்சான் என்றுதான் கூப்பிட்டேன். 1985-ல் பட்டாளத்தில் சேர்ந்தார். குன்னூர் பக்கத்தில் வெலிங்டன் இருக்கே, அங்கேதான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் பயிற்சி. அது 1758-ல் ஆரம்பிச்ச படை. "நம்ம ஊரு ஆலமரத்தை விடப் பழசு" என்று பெருமையாச் சொல்லுவார்.

1989-ல் எங்களுக்குக் கல்யாணம். இரண்டு மாச லீவில் வந்தவர், கல்யாணம் முடிஞ்சு 22 நாள் என்னோட இருந்தார். அப்புறம் கறுப்பு டிரங்குப் பெட்டியைத் தலையில் தூக்கி வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டார். பெட்டி மேலே வெள்ளைப் பெயிண்டில் அவர் நம்பரும் பேரும் எழுதியிருக்கும். அதுக்கப்புறம் எங்க குடித்தனம் எல்லாம் இன்லண்ட் லெட்டரில்தான். விலாசத்தில் கடைசியில் 56 ஏ.பி.ஓ. என்று இருக்கும். காஷ்மீரில் இருந்தாலும் பஞ்சாபில் இருந்தாலும் அதே 56தான். ஆள் எங்கே இருக்கார் என்று அதை வச்சுக் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு அப்போ எழுதப் படிக்கத் தெரியாது. தபால்காரர் அண்ணன்தான் திண்ணையில் உட்கார்ந்து படிச்சுக் காட்டுவார். மாமியார், நாத்தனார், அக்கம்பக்கம் எல்லாம் கேட்டுக்கிட்டு இருக்கும். மச்சானும் அது தெரிஞ்சு, "அனைவரும் நலம்தானே, மாடு கன்னு எப்படி" என்றுதான் எழுதுவார். எனக்கென்று ஒரு வரி இருக்காது.

1991-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி வந்தது. இங்கே இருக்கும் பெரியவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்து, பகலில் சைக்கிள். பொம்பளைங்க எல்லாம் சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு ஆம்பளை சைக்கிளில் ஓட்டிப் பழகினோமே, அந்தக் காலம். மச்சானுக்கு நானே கடுதாசி எழுதணும், அவர் எழுதுறதை நானே படிக்கணும் என்ற ஒரே ஆசையில்தான் போனேன். ஆறு மாசத்தில் எழுதிட்டேன். "அன்புள்ள மச்சானுக்கு, இது நானே எழுதுவது. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது. குளிரில் பத்திரம்." அவ்வளவுதான். அதை எழுத இரண்டு ராத்திரி ஆச்சு. அதுக்கு வந்த பதிலை நான் யாருக்கும் படிச்சுக் காட்டலை. இங்கேயும் சொல்ல மாட்டேன்.

1999-ல் கார்கில் சண்டை. அவர் காஷ்மீர்ப் பக்கம் இருந்தார். எந்த இடம் என்று தெரியாது. மே மாசத்துக்கு அப்புறம் கடுதாசி இல்லை. பஞ்சாயத்து டிவியில் பெட்டி பெட்டியாக் கொண்டு வந்து இறக்குறதைக் காட்டுவாங்க. அந்தச் சண்டையில் 500 பேருக்கு மேல செத்துப் போனாங்க. பிள்ளைங்க இரண்டையும் மடியில் போட்டுக்கிட்டு, யார் பேரைச் சொல்லுவாங்களோ என்று பார்த்துக்கிட்டு இருப்பேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே வயிறு கலங்கும். ஜூலை 26-ல் சண்டை முடிஞ்சது. அதுக்கும் மூணு வாரம் கழிச்சுத்தான், "நலம். லீவு கிடைத்ததும் வருகிறேன்" என்று இரண்டு வரி வந்தது.

அங்கே என்ன பார்த்தார் என்று அவர் சொன்னதே இல்லை. ஆனா தீபாவளி வெடிச்சத்தம் ஆரம்பிச்சா எழுந்து பம்புசெட்டுக்குப் போயிடுவார். ராத்திரி எல்லாம் அடங்கினப்புறம்தான் வருவார். நானும் ஏன் என்று கேட்டதில்லை. தூக்குச்சட்டியில் பலகாரத்தை எடுத்துக்கிட்டு நானும் அங்கேயே போய் உட்கார்ந்துக்குவேன்.

2009-ல் அவில்தாரா ரிட்டையர் ஆகி வந்தார். ஏ.டி.எம். வாட்ச்மேன் வேலை பார்த்தார். அப்பத்தான் நாங்க புருஷன் பொண்டாட்டியா ஒரே வீட்டில் இருந்தோம். பத்தே வருஷம்.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பத்து வருஷத்தில் அவர் மூணு தடவை அந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டார். "வா புள்ள, இந்தப் பேப்பரை எல்லாம் ஒரு தடவை பாரு. எனக்கு அப்புறம் உனக்குத்தான் இது." மூணு தடவையும் நான், "அபசகுனமாப் பேசாதீங்க மச்சான்" என்று சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டேன். எழுதப் படிக்கத் தெரிஞ்சவ நான், எழுந்து போயிட்டேன்.

2019 தை மாசம் விடியக்காலையில் நெஞ்சு வலி என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே போயிட்டார். அவருக்கு 53 வயசு.

குடும்பப் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தோம். அப்பத்தான் தெரிஞ்சது, பட்டாளத்துப் பேப்பரில் என் பேருக்குப் பின்னாடி 'அம்மாள்' இல்லை. ஆதாரில் 'அம்மாள்' இருக்கு. பிறந்த தேதியும் வேற வேற. பெட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு அவர் காட்ட நினைச்சது அதைத்தான். அவர் உயிரோட இருக்கும்போதே எழுதிப் போட்டுத் திருத்தியிருந்தா சுலபமா முடிஞ்சிருக்கும். எனக்கு ஒன்பது மாசம் ஆச்சு. நோட்டரி வக்கீலிடம் பிரமாணப் பத்திரம், இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சான்று, வெலிங்டன் ரெக்கார்டு ஆபீசுக்குக் கடுதாசி. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் என்னென்ன பேப்பர் வேணும் என்று எழுதிக் கொடுத்தாங்க. மனு எல்லாம் நானே என் கையால் எழுதினேன்.

அந்த ஒன்பது மாசமும் என்னைத் தாங்கினது சங்கம்தான். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு முதல் கூட்டத்துக்கு நான் போகலை. தாலி இறக்கினவ வெளியே வரலாமா என்று வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். எங்க ஊக்குநர் அக்கா தீர்மான நோட்டைக் கையில் எடுத்துக்கிட்டு வீட்டுக்கே வந்துட்டாங்க. "உன் கையெழுத்து இல்லாம கூட்டம் முடியாது, எந்திரி" என்று சொன்னாங்க. அன்னைக்கே 25,000 ரூபாய் உள்கடன் தீர்மானம் போட்டாங்க. ஆபீசுக்கு 11 தடவை பஸ் ஏறினேன், ஒரு தடவை கூட என்னைத் தனியா விடலை. நிலுவைப் பணம் மொத்தமா வந்ததும் நான் முதலில் அடைச்சது சங்கக் கடனைத்தான். இன்னைக்கு இந்த மேடையில் குத்துவிளக்கு ஏத்த என்னையும் கூப்பிட்டீங்க. அதுக்கு எப்படி நன்றி சொல்றது என்று தெரியலை.

பேப்பர் தேடும்போது பெட்டி அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதுக்குள்ள அந்த முதல் கடுதாசி. நான் கோணல் மாணலா எழுதினது. பின்பக்கத்தில், வந்து சேர்ந்த தேதியை அவர் கையால் எழுதி வச்சிருந்தார். எத்தனை ஊர், எத்தனை முகாம், எத்தனை மலை மாறியிருப்பார். 28 வருஷம் அதைத் தொலைக்காம வச்சிருந்திருக்கார்.

பட்டாளத்துக்காரர் பொண்டாட்டிகள் மூணு விஷயம் தெரிஞ்சுக்கங்க. ஓய்வு பெற்றவர் தவறிட்டா, முதலில் ஏழு வருஷம், இல்லேன்னா அவருக்கு 67 வயசு ஆகியிருக்கும் நாள், இதில் எது முந்துதோ அதுவரைக்கும் பென்ஷன் கூடுதலா வரும். அப்புறம் குறையும். அதை வச்சுக் கடன் வாங்காதீங்க. ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்ச் சான்று கொடுக்கணும், மறந்தா பென்ஷன் நின்னு போகும். டிஸ்சார்ஜ் புக்கிலும் பென்ஷன் ஆர்டரிலும் உங்க பேர் எப்படி இருக்கு என்று இன்னைக்கே போய்ப் பாருங்க.

மத்தவங்களும் இது நமக்கு இல்லை என்று நினைக்காதீங்க. கொத்தனார் வேலைக்குப் போறவர், லாரி ஓட்டுறவர், வெளிநாட்டில் இருக்கிறவர், எல்லார் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கு. வங்கிப் புத்தகம், ஆதார், ரேஷன் கார்டு, நலவாரிய அட்டை, பாலிசி எல்லாத்திலும் பேர் ஒரே மாதிரி இருக்கா, நாமினி யார் என்று பாருங்க. எங்க சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு கூட்டம் இதுக்கென்றே வச்சிருக்கோம். கூட்டமைப்பில் இருக்கும் எல்லாச் சங்கமும் இப்படித் தீர்மானம் போடணும் என்று கேட்டுக்கிறேன்.

உங்க வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து வச்சு, "வா புள்ள" என்று கூப்பிட்டா, அடுப்பை அணைச்சுட்டுப் போய்ப் பக்கத்தில் உட்காருங்க. எனக்காக உட்காருங்க.