ராஜகோபுரமும் ராக்கெட்டும்

(திருச்சி தூய வளனார் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"நம் நாட்டின் விண்வெளித் திட்டம் - நேற்று, இன்று, நாளை" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். முதலிலேயே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் இஸ்ரோவில் வேலை பார்க்கவில்லை. இங்கே 2006 முதல் 2009 வரை பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தேன். பிறகு பொறியியல் படித்துவிட்டு, திருச்சியிலேயே ஒரு சிறிய தொழிற்கூடத்தில் உலோகப் பாகங்கள் கடைந்து கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். விஞ்ஞானி பேசுவார் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கவும். வாசல் கதவு திறந்துதான் இருக்கிறது. (சிரிப்பு)

நான் ஸ்ரீரங்கத்துப் பையன். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, சத்திரத்தில் இறங்கி, கல்லூரிக்கு நடந்து வருவேன். பஸ் ஏறுகிற இடத்தில் ராஜகோபுரம் நிற்கும். என் தாத்தா அதை ராஜகோபுரம் என்று சொல்ல மாட்டார். "மொட்டைக் கோபுரம்" என்றுதான் சொல்வார். விஜயநகர காலத்தில் தொடங்கிய அந்தக் கோபுரம், அடித்தளத்தோடு ஏறத்தாழ நானூறு வருஷம் அப்படியே நின்றது. அகோபில மடத்தின் 44-வது ஜீயர் முன்நின்று, 1987-ல்தான் பதின்மூன்று நிலைகளோடு 236 அடிக்கு எழுந்தது. நான் பிறந்தபோது அது முடிந்துவிட்டது. தாத்தாவுக்கு மட்டும் கடைசி வரை மொட்டையாகவே தெரிந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சந்திரயான்-3-ஐச் சுமந்து சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் உயரம் 43.5 மீட்டர். நம் கோபுரம் சுமார் 72 மீட்டர். நம் ஊர்ப் பையன்கள் அந்த ராக்கெட்டை அண்ணாந்து பார்த்து மிரள வேண்டியதில்லை. அதைவிட உயரமானதைத் தினமும் பார்த்துத்தான் பஸ் ஏறுகிறார்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. தொடங்கியவர்களில் பலர் முடிவைப் பார்க்கவில்லை.

இந்தக் கல்லூரிக்கும் இந்தக் கதைக்கும் உள்ள சம்பந்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டாக்டர் அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை இங்கே படித்தார். விடுதியில் சைவ மெஸ்ஸுக்குச் செயலாளராகவும் இருந்தார். நாலு வருஷம் படித்து முடிக்கும்போதுதான், தனக்கு உரியது இயற்பியல் அல்ல, பொறியியல் என்று புரிந்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் அவரே சொல்கிறார். சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணம் இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். இன்னொரு மாணவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன், நம் எல்லோருக்கும் சுஜாதா. அவரும் இங்கே படித்துவிட்டு எம்.ஐ.டி. போனவர்தான். ஒருவர் ராக்கெட் செய்யப் போனார். இன்னொருவர் அந்த விஞ்ஞானத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்தார். தப்பான பாடத்தில் சேர்ந்துவிட்டோமோ என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவலைப்படுகிற தம்பி இதைக் கவனிக்கணும்.

1963 நவம்பர் 21. கேரளத்தில் தும்பா என்கிற மீனவர் கிராமம். அங்கிருந்த தேவாலயமே அலுவலகம். ராக்கெட்டின் பாகங்கள் சைக்கிளில் வந்தன. அன்று மாலை பறந்தது அமெரிக்கா கொடுத்த நைக்-அபாச்சி ராக்கெட். நம்முடையது என்று சொல்ல அதில் அதிகம் எதுவும் இல்லை, ஆட்களைத் தவிர. அவர்களில் கலாமும் ஒருவர். தலைமை ஏற்றவர் டாக்டர் விக்ரம் சாராபாய். 1969 ஆகஸ்ட் 15-ல் இஸ்ரோ பிறந்தது. 1971 டிசம்பரில் சாராபாய் காலமானார். நம் மண்ணிலிருந்து ஒரு செயற்கைக்கோள் கிளம்புவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

"சோத்துக்கு வழியில்லாத நாட்டுக்கு ராக்கெட் எதுக்கு?" - இந்தக் கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கேட்பவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் இதற்குப் பதில் சொன்னது பாட்டிதான். 1977 நவம்பரில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயலால் திருச்சி ஊருக்குள் வெள்ளம் புகுந்தது, மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். "ராத்திரி தூங்கப் போறப்ப வாசல் காஞ்சு கெடந்தது. முழிச்சப்ப பாத்திரமெல்லாம் மிதக்குது. யாரும் சொல்லலையேடா" என்பார். அன்று நமக்கென்று வானிலிருந்து பார்க்கும் கண் கிடையாது. 1983-ல் இன்சாட்-1பி வந்தது. அதன்பின் ஒவ்வொன்றாக வந்து, 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் வரை ஆகிவிட்டது. 1999-ல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் இறந்தவர்கள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். 2013-ல் அதே கரையைப் பாய்லின் புயல் தாக்கியபோது, முன்கூட்டியே பத்து லட்சம் பேர் அளவில் வெளியேற்றப்பட்டார்கள். சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. செயற்கைக்கோள் மட்டுமே காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். ராடார், புயல் பாதுகாப்பு மையங்கள், ராத்திரி வீடு வீடாகக் கதவைத் தட்டிய ஊழியர்கள், எல்லோரும் சேர்ந்துதான். ஆனால் கதவைத் தட்டுவதற்கு முதலில் சேதி வரணுமே! பாட்டியின் "யாரும் சொல்லலையே"வுக்கு அதுதான் பதில்.

இனி தோல்விகளைப் பற்றிப் பேசுகிறேன். விண்வெளிக் கதையில் எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

1979 ஆகஸ்ட் 10. கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 கிளம்பியது. இரண்டாவது கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் அமிலக் கசிவு. 317 விநாடிகளில் எல்லாம் முடிந்து, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 560 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் யார் உட்காருவது? இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவன் தானே போய் உட்கார்ந்து, பொறுப்பைத் தன் மேல் போட்டுக்கொண்டார். 1980 ஜூலை 18-ல் அதே ராக்கெட் 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் விட்டது. அன்று பத்திரிகையாளர்களைச் சந்திக்கச் சொல்லிக் கலாமை அனுப்பினார் தவன்.

இதை மேடையில் சொல்லக் கைதட்டு கிடைக்கும். செய்வது எவ்வளவு கஷ்டம் என்பதை என் சொந்தக் கதையில் சொல்கிறேன்.

முதல் வருஷம் கூட்டு ஊசல் பரிசோதனை. புவியீர்ப்பு முடுக்கம் கண்டுபிடிக்கணும். நான் ரீடிங்கே எடுக்காமல், விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 9.8 என்று எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் நோட்டைப் பார்த்தார். "பிரமாதம். ஆனா அந்த ஸ்டாப் கிளாக்கைப் பத்து நிமிஷத்துக்கு அரை நிமிஷம் வேகமா ஓடற மாதிரி நான்தான் திருப்பி வச்சேன். அதுல எடுத்தா 8.9 தானே வரணும்? உனக்கு எப்படிப்பா 9.8 வந்தது?" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "தப்பான விடை வந்தா நான் மார்க் குறைப்பேன். எடுக்காத ரீடிங் நாளைக்கு ஒரு ஆளைக் குறைக்கும்" என்றார்.

பல வருஷம் கழித்து, எங்கள் தொழிற்கூடத்தில் ஏழு அலுமினிய வளையங்களுக்கான ஆர்டர். எங்கே போகும் பாகம் என்று நான் சொல்லக் கூடாது. நடுத்துளையின் அளவில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ரெண்டு பங்குக்கு மேல் பிசகக் கூடாது. ராத்திரி ஒரு மணிக்கு ஏழையும் அளந்து, சரி என்று கையெழுத்துப் போட்டேன். காலையில்தான் தெரிந்தது, அளவுமானி முந்தின நாள் கீழே விழுந்திருக்கிறது. மாஸ்டர் வளையத்தில் வைத்துச் சரிபார்க்காமலே நான் அளந்திருக்கிறேன். மறுபடி அளந்தேன். நாலு வளையம் அளவு மீறியிருந்தது. பெட்டி கட்டி, லாரி வாசலில் நிற்கிறது. விஷயம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அப்போதுதான் கல்யாணம் ஆன புதிது, கையில் வீட்டுக்கடன். கால் மணி நேரம் அந்தப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே போய் முதலாளியிடம் சொல்ல வைத்தது அந்த 8.9 தான்.

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது தம்பி. அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு. லெட்டர்ல என் பேரைப் போடுங்க" என்றார். நஷ்டம் ஆனது, உண்மைதான். அந்த வருஷம் எங்கள் யாருக்கும் போனஸ் இல்லை. தவன் செய்தது என்ன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

திட்டத்துக்குத் திரும்புகிறேன். கிரையோஜெனிக் இன்ஜின். மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜன், மைனஸ் 183-ல் திரவ ஆக்சிஜன், இரண்டையும் ஒரே இன்ஜினில் வேலை வாங்கணும். ரஷ்யா தொழில்நுட்பம் தருவதாக இருந்தது. அமெரிக்க நெருக்கடியால் 1993-ல் அது நின்றுபோய், தயார் நிலையில் சில கட்டங்கள் மட்டும் வந்தன. நாமே செய்த கிரையோஜெனிக் கட்டம் 2010 ஏப்ரலில் முதல் முறை பறந்து தோற்றது. 2014 ஜனவரி 5-ல் ஜெயித்தது. இருபத்தோரு வருஷம்! அந்த வழியில் வந்த எல்.வி.எம்.-3 தான் 2025 நவம்பரில் 4,410 கிலோ செயற்கைக்கோளைத் தூக்கிச் சென்றது. 35 கிலோ ரோகிணியை நினைத்துப் பாருங்கள்.

சந்திரயான்-1 கிளம்பிய 2008 அக்டோபர் 22 காலையில் நான் இங்கே கடைசி வருஷ மாணவன். திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டத்துக்காரர். நிலவில் நீரின் தடயத்தை அதிலிருந்த கருவி காட்டியது. 2019 செப்டம்பரில் சந்திரயான்-2-ன் விக்ரம் தரையில் மோதியது. ஏன் மோதியது என்று குடைந்தார்கள். இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை கொடுத்திருக்கின்றன. அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போக, வேகமாகத் திரும்பித் திருத்திக்கொள்ளக் கலத்தால் முடியவில்லை. இறங்க ஒதுக்கிய இடமும் 500 மீட்டருக்கு 500 மீட்டர்தான். அடுத்த முறை 'எதெல்லாம் தப்பாகப் போகலாம்' என்று பட்டியல் போட்டு வடிவமைத்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். இறங்குமிடத்தை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரித்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு விக்ரம் இறங்கியது. திட்ட இயக்குநர் விழுப்புரம் வீரமுத்துவேல். எங்கள் பட்டறையில் லேத்தை எல்லாம் நிறுத்திவிட்டு டி.வி. பார்த்தோம். கடைசல்காரர் ஒருவர் அழுதார். ஏன் அழறீங்கண்ணே என்று யாரும் கேட்கவில்லை.

இதில் நம் பக்கத்து ஊருக்கும் பங்கு உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகள் நிலவின் மேட்டுநில மண்ணை ஒத்தவை. அவற்றைப் பொடித்துச் செய்த செயற்கை நிலவு மண்ணில்தான் உலாவியின் சக்கரங்களை ஓட்டிப் பார்த்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறை அதற்குக் கை கொடுத்தது.

இனி நாளை. மனிதனை அனுப்பும் ககன்யான். அதற்கு முன்னால் ஆளில்லாத சோதனைகள். 2035-க்குள் நமக்கென்று ஒரு விண்வெளி நிலையம். 2040-க்குள் இந்தியர் ஒருவர் நிலவில். மண்ணை எடுத்துக்கொண்டு திரும்பி வர சந்திரயான்-4. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 2,104 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதற்கு வேண்டிய இணைப்பு வித்தையை ஸ்பேடெக்ஸ் 2025 ஜனவரி 16-ல் செய்து காட்டியது. நம் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகும் ராக்கெட் இலங்கைக்கு மேல் பறக்காமல் இருக்க வளைந்து போகணும். அதில் எரிபொருள் வீணாகும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே போகலாம். சிறிய ராக்கெட்டுக்கு அது பெரிய மிச்சம்.

எல்லாம் சுலபமாக நடக்கும் என்று சொல்ல நான் வரவில்லை. நம்பகமானது என்று பெயர் வாங்கிய பி.எஸ்.எல்.வி.யே 2025 மே 18-ல் மூன்றாவது கட்டத்தில் தவறியது. செயற்கைக்கோள் போனால் இன்னொன்று செய்யலாம். ககன்யானில் உட்காரப் போவது ஆள். அங்கே எடுக்காத ரீடிங் ஒன்று கூட இருக்கக் கூடாது. பேராசிரியர் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இந்த வாரம் லேபில் 8.9 வந்தால் 8.9 என்றே எழுதுங்கள். மார்க் போனால் போகட்டும். ஏன் வந்தது என்று கண்டுபிடியுங்கள். யோசனை இருந்தால் ஊரை விட்டுப் போக வேண்டியதும் இல்லை. நம் திருச்சி என்.ஐ.டி.யிலேயே இஸ்ரோவின் விண்வெளித் தொழில்நுட்ப ஊக்குவிப்பு மையம் அமைந்திருக்கிறது.

மூத்தவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்களில் பட்டறை, ஆலை, ஆய்வகம் வைத்திருப்பவர்கள் கோடை விடுமுறையில் ரெண்டு மாணவர்களுக்கு இடம் கொடுங்கள். கையில் கிரீஸ் படட்டும். என் முதலாளி ஒத்துக்கொண்டுவிட்டார். வருகிற மே மாதம் எங்கள் கூடத்தில் ரெண்டு இடம் தயார். முதல் நாள் சொல்லித் தரப்போவது, அளவுமானியை மாஸ்டர் வளையத்தில் வைத்துப் பார்ப்பது எப்படி என்பது.

தாத்தா முழுக் கோபுரத்தைப் பார்த்தும் மொட்டைக் கோபுரம் என்றார். 2040-ல் நம் ஆள் நிலவில் நடக்கும்போது நானும் கிழவனாகி, "எங்க காலத்துல அதுல வண்டி மட்டும்தான்டா ஓடுச்சு" என்று சொல்ல ஆசைப்படுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறவர்கள் அடுத்த நிலையைக் கட்டிக்கொண்டு இருக்கட்டும்.